கடல்பாசியில் பயிர் செய்தவர்

ராமநாதபுரம் ஜில்லாவில் கடல்பாசியைத் தின்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதில் பயிர் செய்தவர் ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில், எங்கள் மாடியில், என் பக்கத்து அறையில் ஆறு வருஷம் குடியிருந்தார். ஆறு வருஷத்து டைரிகளையும் இப்போது எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அவரால் எனக்குச் சிரிப்பு வந்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை. 'களைப்பு' என்று நாற்பத்தோரு இடங்களில் எழுதியிருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பக்கத்து அறையில் இருந்தவன் நான்.

அப்போது நான் பஞ்சு அரைக்கும் ஆலையில் குமாஸ்தா. அவர் தெருமுனை டாக்டரிடம் கம்பவுண்டர். அதற்கு முன்பு பதினான்கு வருஷம் மதராஸில், கிருமிகளை வளர்த்து ஆராயும் ஓர் இடத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வந்த புதிதில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது என் டைரியில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ஊருக்கு அவர் 'கடல்பாசி'. அவர் என்னை 'டைரி' என்பார். கணக்கு நேராகிவிட்டது.

ஒரு நாளைக்குப் பதினொரு முறை கை கழுவுவார். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்து எண்ணினேன். எண்ணுவது என் வியாதி, கழுவுவது அவர் வியாதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்.

மதராஸிலிருந்து வரும்போது எட்டு கண்ணாடித் தட்டுகள் கொண்டுவந்திருந்தார். உள்ளங்கை அகலம், மேலே ஒரு கண்ணாடி மூடி. எலும்பு சூப்பில் கடல்பாசியைப் போட்டுக் காய்ச்சி, தட்டில் மெல்லிசாக ஊற்றுவார். அது உறைந்ததும், "விரல வச்சு ஒரு அமுக்கு அமுக்கும்" என்று யாரைக் கண்டாலும் நீட்டுவார். மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் விரல் பட்ட இடத்தில் புள்ளி புள்ளியாக, மஞ்சளும் வெள்ளையுமாக ஏதாவது கிளம்பும். "பார்த்தீரா ஒம்ம பயிர?" என்பார். மதராஸில் இதற்கென்று சூடு மாறாத பெட்டி உண்டாம். "நமக்கு எதுக்கு வே பெட்டி? சித்திர மாசம் ஒண்ணு போதாதா?"

தட்டில் ஊற்றும் கடல்பாசிக்கு ராவுத்தர் கடை. நோன்பு மாதத்துக்கு என்று கீழக்கரையிலிருந்து தருவிப்பார் ராவுத்தர். மற்ற மாதங்களில் அதற்கு வாடிக்கை இவர் ஒருவர்தான்.

"நோம்பு முடிஞ்சு நாலு மாசமாச்சு. இன்னும் பாசி கேக்கீரே, யாருக்கு வே?"

"கிருமிக்கு."

"அதுகளும் நோம்பு புடிக்குதோ?"

அந்த ராவுத்தர் ஒரு பெருநாளுக்குப் பால் விட்டுக் காய்ச்சிய கடல்பாசியை வில்லை வில்லையாக வெட்டிக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். கடல்பாசி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். "வெட்டினது யார் கையி?" என்று கேட்டார். ராவுத்தர் கிண்ணத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. டைரியில் குறித்திருக்கிறேன்.

ஒருமுறை வளர்ந்த தட்டுகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக்ராஸ்கோப்பு வைத்திருந்த ஒரு டாக்டரிடம் காட்ட பஸ் ஏறினார். துணைக்கு நான். மடியில் துணி சுற்றிய தட்டுகளைப் பார்த்து எதிரே இருந்தவர், "பால்கோவா இந்த ஊர்லருந்து அங்க போகுதா? உலகம் தலகீழாப் போச்சே" என்றார். "பால்கோவா இல்ல, கிருமி. இது நம்ம தபால்காரர் கட்டவிரலு" என்று கடல்பாசி மூடியைத் திறக்கப் போனார். அதற்குள் எங்கள் பலகையில் இருந்த நாலு பேரும் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். நாங்கள் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்து போனோம். அன்று களைப்பு என்று எழுதவில்லை.

இதைக் கேள்விப்பட்டுத் தளவாய்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார். பையன் விரலையும் பெண் விரலையும் தட்டில் வைத்துப் பொருத்தம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் என்றால் விரட்டியிருப்பார்கள். கடல்பாசி இரண்டு தட்டு ஒதுக்கி, மூன்றாம் நாள் உண்மையாகவே பலன் சொன்னார்.

"பொண்ணு கையில வெள்ளை. மாப்ள கையில மஞ்சள். மஞ்சள் ரொம்ப வீரியம்."

வந்தவர் முகம் வாடிவிட்டது. "பரிகாரம் ஏதும் உண்டுங்களா?"

"உண்டு. சோப்பு."

கல்யாணம் நடந்தது. சோப்பு சீர்வரிசையில் இருந்ததாகக் கேள்வி.

இத்தனைக்கும் மேலாக ஒரு கதை வைத்திருந்தார். அதைச் சொல்லாத நாட்கள் டைரியில் மூன்று. அந்த மூன்று நாளும் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"மொதல்ல ஜெர்மனியில உருளக்கெழங்க வெட்டி அதும்மேல வளத்தாங்க வே. கெழங்குல எல்லாம் வளரல. பொறவு எலும்புப் பசையில வளத்தாங்க. வெயில் வந்தா அது உருகி ஓடுது. சில கிருமி அந்தப் பசையவே தின்னுபோடுது. வயலத் திங்குத பயிர எவன் வளப்பான்? அப்பந்தான் ஒரு டாக்டரு வீட்டம்மா சொன்னாவ. 'எம் பழப்பாகு கோடையிலயும் உருகாமத்தான இருக்கு, நான் போடுததப் போட்டுப் பாருங்களேன்'னு. அவுகளுக்கு ஜாவாப் பக்கம் இருந்துட்டு வந்த ஒரு சிநேகிதி சொல்லிக் குடுத்தது. அதுதான் இந்தப் பாசி. காலராவா, காச்சலா, எந்தக் கிருமியப் பத்தி எவன் கண்டுபிடிச்சாலும் அந்தம்மா அடுப்பங்கரை வழியாத்தான் போகணும். அவுக பேரச் சொல்லுத ஒருத்தனக் காட்டும், பாப்போம்."

"நீர் சொல்லுமேன்."

"எனக்கும்லா தெரியாது. அதத்தான சொல்லுதேன்."

எங்கள் அடுப்பங்கரை ஞானம்மாள் அக்காவுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். புருஷனை இழந்தபின் இரண்டு பெண் குழந்தைகளோடு இங்கே வந்து, மாடிக்குக் கீழே ஒரு கூடத்தில் மெஸ் வைத்திருந்தார். குமாஸ்தாக்களும் வாத்தியார்களுமாகப் பதினொரு பேர் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து சமைப்பதால் அன்று மட்டும் சாப்பாடு அரை மணி தாமதம். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு சித்திரையில் இரண்டு வாத்தியார்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். மூன்றாவதாக ஆலையில் எனக்கு அடுத்த மேஜைக்காரர். டாக்டர் டைபாய்டு என்றார். ஒரு வாத்தியார் பிழைப்பதே சந்தேகமாக இருந்தது. மூன்று பேரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் என்று தெரு கணக்குப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சைக்கிளும் பஸ்ஸுமாக அலைந்து அவரும் களைத்துப் போயிருந்தார். அவர் கையில் ஒரு படிவம். அதில் 'காரணமானவர் பெயர்' என்று ஒரு கட்டம்.

"சமைக்கிறது நீங்க ஒருத்தர்தானம்மா? அப்ப மெஸ்ஸ மூடிருங்க" என்றார்.

ஞானம்மாள் அழவில்லை. "மூடிட்டு எங்க போக சார்?" என்று கேட்டார். அவர் உண்மையிலேயே பதில் எதிர்பார்த்துக் கேட்டதுபோல இருந்தது. இன்ஸ்பெக்டர் படிவத்தைப் பார்த்தார். அதில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

கடல்பாசி குறுக்கே புகுந்தார். "ஒரு வாரம் குடுங்க சார். எங்கிட்ட தட்டு இருக்கு. யார் கையில எம்புட்டு வளருதுன்னு பாத்துச் சொல்லிருதேன். ஆளு பொய் சொல்லும். தட்டு பொய் சொல்லாது."

இன்ஸ்பெக்டருக்கும் அன்றைக்கே ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த மனம் இல்லை. அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் கடல்பாசியே சொல்லிவைத்தார்: எந்தத் தட்டில் பெரிசாக வளர்கிறதோ அவர்தான் ஆள்.

தட்டுகளை முதலில் ஆவியில் வேகவைக்க வேண்டும். ஒரு தடவை வைத்தால் போதாதாம். சில கிருமிகள் விதைபோல ஒளிந்திருக்கும், மறுநாள் முளைக்கும், முளைத்ததை மறுபடி வேகவைக்க வேண்டும், மூன்றாம் நாளும் அப்படியே. இதற்கு ஞானம்மாளின் இட்லிக் கொப்பரையைக் கேட்டார்.

"சூப்பு கேட்டீய, குடுத்தேன். இப்பம் கொப்பரையுமா? அம்புட்டும் யாருக்கு அண்ணாச்சி?"

"ஒனக்குத்தாம்மா."

என் டைரியில் செவ்வாய், உப்புமா. புதன், உப்புமா. வியாழன், உப்புமா.

வியாழன் மாலை விரல் வைத்தோம். யாருடைய தட்டு எது என்று தனக்கே தெரியக்கூடாது, தெரிந்தால் கண் ஓரம் பார்க்கும் என்று கடல்பாசி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எண் ஒட்டுவதும் எழுதிவைப்பதும் என் பொறுப்பு. குடிதண்ணீர்ப் பானை, ஒன்று. கிணற்றுத் தண்ணீர், இரண்டு. சோற்றுக் கரண்டி, மூன்று. கடல்பாசி, நான்கு. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்கிறேன் என்று முதலில் பெஞ்சில் வைத்தார். போய்க் கழுவிவிட்டு வந்து மறுபடி வைத்தார். நான், ஐந்து. காய்ச்சல்காரர்களைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரையும் விடவில்லை. அவர் விரலைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு அமுக்கிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். ஆறு. ஞானம்மாள், ஏழு. 'மாலை 5.50, ஆட்டுக்கல்லிலிருந்து எழுந்து வந்து' என்று அதற்கு நேரே எழுதியிருக்கிறேன். எட்டு, யாரும் தொடாதது. "அது சாட்சி வே. அதுல ஒண்ணும் வளரலன்னாத்தான் மத்தது பேசுதது செல்லும்."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் அறையில் தட்டுகளைத் திறந்தார். எட்டு சுத்தமாக இருந்தது. மூன்றிலும் நாலிலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. என்னுடையதும் இன்ஸ்பெக்டருடையதும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஒன்றும் இரண்டும் எது என்று கேட்டார், சொன்னேன். கிணற்றில் கொஞ்சம் புள்ளி. பானையில் எண்ண முடியாத புள்ளி. எனக்கே எண்ண முடியவில்லை.

"கெணத்துல கொஞ்சம், பானையில ரொம்ப. நடுவுல என்ன இருக்கு? பதினோரு பேரு டம்ளரோட சேத்து விரலயும் முக்கி முக்கி மோந்திருக்கோம். இனி தண்ணியக் கொதிக்க வச்சு, நீளக் காம்பு வச்ச அகப்பையில ஒருத்தர் மட்டும் மோந்து ஊத்தணும். அம்புட்டுத்தான் விசயம்."

சொல்லிக்கொண்டே ஏழாவதைத் திறந்தார். தட்டு முழுவதும் ஆடை படர்ந்ததுபோல வளர்ந்திருந்தது.

"ஏழு யாரு?"

"ஞானம்மாள் அக்கா."

மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். புளித்த மாவு வாசனை.

"மாவு வே. ஆட்டிட்டு கையக் கழுவாம வந்து வச்சிருக்கு. இட்லி மாவப் பொங்க வைக்குத கிருமி. நாம தெனம் காலையில திங்குத கிருமி. இது காச்சக் கிருமி இல்ல."

"அதை இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுவோம்."

"காச்சக் கிருமியா மாவுக் கிருமியான்னு மைக்ராஸ்கோப்பு இல்லாம நான் எப்படிக் காட்டுவேன்? பெரிசா வளந்தவந்தான் ஆளுன்னு ஊரு பூரா நானேல்லா தண்டோராப் போட்டேன். தெரு அதத்தான் கேக்கும்." தட்டை மூடினார். "ஒரு அடுப்பங்கரை குடுத்த பாசி. அத வச்சு இன்னொரு அடுப்பங்கரைய மூடவா?"

கீழே சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது.

"டைரி. எனக்கு என்ன நம்பரு?"

"நாலு."

"நாலயும் ஏழயும் மாத்திப் போடும்."

"என் டைரியில் அடித்தல் கிடையாது."

"தெரியும்" என்றார். வழக்கம்போலக் கை கழுவப் போனார்.

எங்கள் மாடிக்குப் பதினேழு படி. இன்ஸ்பெக்டருக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு படியாக நின்று ஏறுவார். எட்டாவது படிவரை நான் சும்மா இருந்தேன். பன்னிரண்டாவது படியில் பேனாவைத் திறந்தேன்.

அவர் வந்து தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பானையைப் பற்றிக் கடல்பாசி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "சரி, பானைன்னு கட்டத்துல எழுத முடியாதே. ஆளு யாரு? இந்த ஏழு யாரு?" என்று என் டைரியை வாங்கித் தாமே பார்த்தார்.

"ஏழு, கம்பவுண்டர்" என்று படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா சார்" என்றார் கடல்பாசி. "மதராஸ்ல எனக்கு முன்னால ஒருக்க வந்த காச்சல்தான். கெடக்குதவனுக்குத் தெரியும், சொமந்துகிட்டு நடக்குதவனுக்குத் தெரியாது. அப்படியும் ஆளுக உண்டுன்னு பெரிய டாக்டருகளே எழுதியிருக்காவ."

இன்ஸ்பெக்டர் கட்டத்தை நிரப்பினார். டைரியைத் திருப்பிக் கொடுக்கும்போது விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். "இதென்ன, அடிச்சுத் திருத்தியிருக்கு? பக்கத்துல சுருக்கொப்பம் இல்லையே?"

"போடணும் சார்."

"போட்டுரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மெஸ் மூடப்படவில்லை. அன்றுமுதல் தண்ணீர் கொதிக்கவைத்தார்கள், நீளக் காம்பு அகப்பை வந்தது. வாத்தியார்கள் இருவரும் தேறி எழுந்தார்கள், மேஜைக்காரரும் எழுந்தார். புதிதாக யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. வராததற்குத் தெரு ஒரு காரணம் கண்டுபிடித்தது. "பாத்தியா, கடல்பாசி தள்ளி உக்காந்து திங்க ஆரம்பிச்சான், காச்ச நின்னுபோச்சு."

இதைக் கேட்டு அவர் ஒருவர்தான் சிரித்தார். "சோதனை தப்பு, முடிவு தப்பு, பலன் மட்டும் சரி. விஞ்ஞானத்துல இது அடிக்கடி நடக்கும் வே."

டாக்டர் அவரை மருந்து கலக்க விடவில்லை. பாட்டில்களுக்குச் சீட்டு எழுத மட்டும் விட்டார். சாப்பாடு மாடிப்படியின் கீழ்ப்படியில், தனித்தட்டில். ஞானம்மாள் அக்கா கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறுவார். "ரெண்டு பொம்பளப் பிள்ளையோட எங்கள ரோட்டுல நிறுத்தப் பாத்தீயளே அண்ணாச்சி. ஒரு வார்த்த முன்னாடியே சொல்லப்பிடாதா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"தப்புத்தாம்மா" என்றார் அவர். "கொஞ்சம் ரசம் ஊத்து."

நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயைத் திறக்காதே என்று இருந்தது. திறக்கவில்லை. அன்று டைரியில் களைப்பு.

ராவுத்தரிடம் மட்டும் ஒருநாள் நான் முழுவதையும் சொன்னேன். சாமான் கட்டிக்கொண்டே கேட்டவர், நூலை அறுத்துவிட்டுச் சொன்னார்: "கையக் கழுவு, கையக் கழுவுன்னு ஊருக்குச் சொன்னாரு. ஊரு அவரையே கைகழுவிட்டு."

அந்தப் பெருநாளுக்கு ராவுத்தர் மறுபடியும் கிண்ணத்தோடு வந்தார். மாடிப்படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவரே தம் விரலால் ஒரு வில்லையை எடுத்து நீட்டினார். கடல்பாசி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "இது இம்புட்டு ருசியா இருக்கும்னு ஒருத்தனும் சொல்லலையே" என்றார்.

யுத்தம் வந்தபின் டாக்டர் கடையைக் கட்டினார். கடல்பாசி வத்திராயிருப்பில் யாரோ உறவுக்காரர் தோப்பைப் பார்த்துக்கொள்ளப் போனார். பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பு மூட்டி ஓட்டிய பஸ் கிளம்ப நேரமாகும் என்பதால் சற்று நேரம் நின்று பேசினோம். ஏழு தட்டுகளை மூட்டையில் கட்டியிருந்தார். ஒன்றை மட்டும் என்னிடம் கொடுத்தார். எட்டாவது.

"சாட்சி ஒம்மகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

போன மாதம் வத்திராயிருப்பிலிருந்து ஒரு கார்டு வந்தது. உறவுக்காரர் எழுதியிருந்தார். கடைசிவரை கிணற்றடிக்குத் தானே நடந்து போய்க் கை கழுவினாராம்.

கார்டை எடுத்துக்கொண்டு ஞானம்மாள் அக்காவிடம் போனேன். மெஸ் இன்னும் நடக்கிறது, இப்போது பெரிய பெண் பார்க்கிறாள். அந்த வருஷத்து டைரியையும் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நாலையும் ஏழையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "அவிய பேரு என்ன தம்பி? நான் ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றார்.

சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, அந்த இரண்டு திருத்தங்களுக்கும் பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை இட்டேன்.